ஐந்து பேர் கொண்ட சமூகம்

"வரும்போது பல்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சமையல்கட்டு பல்பு போயிடுச்சு."

"எழுதிட்டேன், வை."

"பென்சிலையே எடுத்திருக்க மாட்டீங்க. அதுக்குள்ள எழுதிட்டேனா?"

"எழுதிட்டேன்னு சொல்றேன்ல. வண்டி வருது, வைடி."

மதியம் இரண்டே காலுக்குத் தொலைபேசியில் நடந்த இந்தப் பேச்சுதான் அவர்களுக்குள் கடைசிப் பேச்சு. நாலு மணிக்கு, ரயில் நிலையத்துப் பார்சல் அறையில், ஒரு மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கவுண்டரின் மேல் சாய்ந்தார். எதிரே நின்ற ஆள், குமாஸ்தா வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று நினைத்துப் புகார்ப் புத்தகம் கேட்டாராம்.

பார்சல்காரருக்குக் காகிதத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. காகிதம் தொலைந்துபோகும், சுவர் எங்கே போகப்போகிறது என்பார். அவர் மனைவி வீட்டிலிருந்தபடி துணி தைப்பவள். தினமும் மதியம் பார்சல் அறைக்குப் போன் செய்து, வரும்போது வாங்கிவர வேண்டியதைச் சொல்வாள். மூட்டைகளில் எண் போடும் நீலப் பென்சிலால் அவர் அதைத் தொலைபேசிக்கு மேலே சுவரில் எழுதிக்கொள்வார். கறுப்பு நூல். சோப்பு. பால். பதினாலாம் நம்பர் ஊசி. வாங்கியதை மறுநாள் காலை வந்ததும் ஒரு கோடு போட்டு அடிப்பார். இருபத்தாறு வருஷம். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது அவள் அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறாள். சுவர் முழுக்க அவள் பேச்சு, அவர் கையெழுத்தில்.

அவர் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். அழுகையும் ஒருவாறு ஓய்ந்தது. ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. அன்றைக்கு நிஜமாகவே எழுதினாரா, இல்லை வழக்கம்போல் பென்சிலைத் தொடாமலே எழுதிட்டேன் என்று சொன்னாரா? எழுதியிருந்தால் அவள் கடைசியாகச் சொன்னதை அவர் காதில் வாங்கியிருக்கிறார். இல்லையென்றால் அவள் பேசியது ஒரு ஒயரோடு. அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அந்தச் சுவரை ஒரு தரம் பார்த்தால் போதும்.

அவர் போன அதே மாதம் ரயில் நிலையம் புத்துயிர் பெறத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் தகர வேலி. வேலியில் ஒரு பலகை: "இது உங்கள் நிலையம். உள்ளே வரக்கூடாது." அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை, பூப்போட்ட எழுத்தில்: "உங்கள் நினைவுகளை எங்களிடம் தாருங்கள். கலையாக்கித் தருகிறோம். சமூக ஊக்கக் கலைப் பிரிவு, தற்காலிக அறை மூன்று."

தற்காலிக அறை மூன்றில் ஒருங்கிணைப்பாளர் இருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் சின்னப் பெண். சிரிப்பு மாறாமல் எதையும் சொல்லக் கற்றிருந்தாள்.

"ஒரு சுவரைப் பார்க்கணும்மா. பார்சல் அறையில. அஞ்சு நிமிஷம் போதும்."

"அருமைம்மா! இந்த மாதிரி ஆளுங்களைத்தான் நாங்க தேடிட்டிருக்கோம். நீங்க எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான்."

சிரிப்பு அப்படியே இருந்தது. அதன் மேல் கொஞ்சம் வருத்தம் வந்து உட்கார்ந்தது. "ஒருத்தர்னா அது தனிநபர்மா. எங்க திட்டம் சமூகத்துக்கு. சமூகம்னா குறைஞ்சது அஞ்சு பேர்."

"வீட்டுலயே மொத்தம் ரெண்டு பேர்தான் இருந்தோம்."

"அப்ப இன்னும் மூணு பேர் போதுமே!"

"இல்லம்மா. அவர் போயிட்டார். அவர் எழுதினதைத்தான் பார்க்கணும்னு வந்திருக்கேன். அவரையும் ஒரு ஆளா எண்ணிக்கலாமா?"

ஒருங்கிணைப்பாளர் வழிகாட்டு நெறிகளைப் புரட்டினாள். அவளுக்கு நல்ல மனசு, நிஜமாகவே தேடினாள். "அவர் பாரம்பரியப் பிரிவுல வருவார்மா. சமூகம்னா உயிரோட இருக்கணும்னு தெளிவாவே போட்டிருக்கு."

ஒரு படிவமும் கொடுத்தாள். நிலையத்தின் புத்துயிர் உங்களுக்கு அளிப்பது என்ன? அ, மகிழ்ச்சி. ஆ, பெருமை. இ, நம்பிக்கை. ஈ, மேற்கண்ட அனைத்தும். தையல்காரி வெகுநேரம் யோசித்துவிட்டு, கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் "சுவர்" என்று எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முதல் விரல் அவள். இரண்டாவது நாத்தனார். மூன்றாவது விரல் அந்தரத்தில் நின்றது. ஊரில் இருநூறு பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். யாருக்கு இடது தோள் இறக்கம், யார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுப்பார்கள் என்பது வரைக்கும் தெரியும். அவர்களில் ஒருவரிடமும் "எனக்காக ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள்" என்று கேட்க வாய் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக அவளுக்கு எது வேண்டுமென்றாலும் ஒரு நம்பருக்குப் போன் செய்தால் முடிந்துபோயிருந்தது.

நாத்தனார் போனிலேயே ஒத்துக்கொண்டாள். "அண்ணி, சமூகமா வர்றதுன்னா என்ன உடுத்திக்கிட்டு வரணும்?"

"எது இருக்கோ அதை உடுத்திக்கிட்டு வா."

"சாப்பாடு ஏதாவது போடுவாங்களா?"

"தெரியலை. நீ சாப்பிட்டுட்டே வந்துடு."

மூன்றாவது, பத்திரிகை விற்கிறவர். சந்தையில் நின்று செய்தியை விடச் சத்தமாகக் கூவுவார் என்பதால் தலைப்புச் செய்தி என்று பெயர். முப்பது வருஷமாக முதல் நடைமேடையில் கடை வைத்திருந்தவரை வேலி போட்ட அன்றே கிளப்பிவிட்டிருந்தார்கள். "என்னைத் தூக்கி வெளியே வீசிட்டு என் நினைவை மட்டும் உள்ளே வச்சுக்கப் போறாங்களா? நல்ல கூத்து. வர்றேன். உட்கார நாற்காலியாவது இருக்கும்ல?" நான்காவது, ஓய்வுபெற்ற ரயில் கார்டு. காது மந்தம், ஆனால் எங்கே கூப்பிட்டாலும் வந்துவிடுவார். வீட்டில் அவரை யாரும் எங்கும் கூப்பிடுவதில்லை.

ஐந்தாவது ஆள் கிடைக்கவே இல்லை. சமூகத்தின் நினைவுகளைக் கேட்கும் பட்டறை நடக்கும் நாள் காலையில், தற்காலிக நுழைவாயிலில் பெட்டியோடு நின்ற ஒரு பயணியிடம் தையல்காரி போய்க் கேட்டாள். வாழ்க்கையில் அவள் முன்பின் தெரியாத ஆணிடம் தானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. "ஐயா, கொஞ்ச நேரம் எங்க சமூகமா இருப்பீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு இருபதுக்கு வண்டி. அதுவரைக்கும்னா இருக்கேன்."

பட்டறையை நடத்தக் கலைஞர் வெகுதூரத்திலிருந்து வந்திருந்தார். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. இடத்தின் மனதைக் கேட்க வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கட்டுமானக் கல் குத்தியதால் அடிக்கடி காலை மாற்றிக்கொண்டார். மேசையில் வண்ண அட்டைகள் பரப்பியிருந்தன.

"நினைவைச் சொல்லாதீங்க," என்றார் தணிந்த குரலில். "சொன்னா அது கதையாயிடும். உங்க நினைவு என்ன நிறம்? அதை மட்டும் எடுங்க."

"கறுப்பு வெள்ளை," என்றார் தலைப்புச் செய்தி. "பேப்பர்தானே வித்தேன்?"

கலைஞர் கண்ணை மூடிக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் அதைக் குறித்துக்கொண்டாள்.

கார்டு பச்சை அட்டையை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார். ஏன் பச்சை என்று எழுதிக் காட்டிக் கேட்டார்கள். "பச்சைன்னா கிளம்பலாம்," என்று சொல்லி எழுந்து நடக்க ஆரம்பித்தார். அவரைப் பிடித்து உட்காரவைக்க ஐந்து நிமிஷம் ஆனது. நாத்தனார் சிவப்பு அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே சிவப்புல துணி எங்க கிடைக்கும்?" என்றாள். கலைஞர் அதற்கும் கண்ணை மூடினார்.

தையல்காரியின் முறை வந்தது. அவள் வாயைத் திறக்கவும் பயணி பெட்டியைத் தூக்கவும் சரியாக இருந்தது. "மன்னிச்சுக்குங்க, வண்டி வந்துடுச்சு," என்று அவர் கிளம்பிப் போனார். பதினொன்று இருபதுக்குச் சமூகம் கலைந்தது.

ஒருங்கிணைப்பாளர் ஒலிப்பதிவை நிறுத்தினாள். "நாலு பேர் இருக்கும்போது பதிவு பண்ணினா செல்லாதும்மா."

"இப்பதான் ஆரம்பிச்சேன்," என்றாள் தையல்காரி.

"தெரியும்மா. எனக்கே கஷ்டமா இருக்கு."

கடைசியில் கலைஞரே ஐந்தாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அப்போதிலிருந்து, விதிப்படி, அவர் தன்னாலேயே ஊக்கம் பெறத் தொடங்கினார்.

தையல்காரி சுவரைப் பற்றிச் சொன்னாள். போன், நீலப் பென்சில், நூல், சோப்பு, பால், குறுக்குக் கோடு எல்லாம். பல்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது அந்த அட்டைகளுக்கு நடுவில் வைக்கிற விஷயமாக அவளுக்குப் படவில்லை. கலைஞர் பாதியிலேயே எழுந்தார். அவரிடம் பார்சல் அறையின் சாவி இருந்தது. அறையைத் திறந்து பார்த்துவிட்டு, கண் சிவந்து திரும்பி வந்தார்.

"சுவர் பேசுதும்மா. முப்பது வருஷமா இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை."

தையல்காரி எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள். "கடைசி வரியில என்ன எழுதியிருக்கு தம்பி? அடியில, ஓரத்துல?"

"நான் வாசிக்கலைம்மா."

"கண்ணு முன்னாடிதானே இருந்துச்சு?"

"வாசிச்சா அர்த்தம் வந்து வழியை மறிச்சுக்கும். நான் பார்த்தேன். பார்க்கறது வேற." அவர் எடுத்த படங்களைக் காட்டினார். வேண்டுமென்றே மங்கலாக எடுத்திருந்தார். மழை பெய்யும் ஜன்னல் வழியாக நீல எறும்புகளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அவள் கலைப் பிரிவின் இயக்குநரைப் பார்க்கப் போனாள். அவர் அறையில் புது நிலையத்தின் சின்ன மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். விரல் நக அளவில் பிளாஸ்டிக் மனிதர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். யார் கையிலும் மூட்டை இல்லை.

"பட்டறையில நீங்க சொன்னதைப் படிச்சேன்மா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு," என்றார் இயக்குநர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கெட்டவர் இல்லை. "இதுல குழப்பத்துக்கே இடமில்லை, பாருங்க. மக்களால ஊக்கம் பெற்றா அது கலை. மக்களே எழுதிட்டா அது கிறுக்கல். கலை எங்க பிரிவு. கிறுக்கல் துப்புரவுப் பிரிவு. ரெண்டும் வேற வேற மாடி. உங்க வீட்டுக்காரர் எழுதினது மனசைத் தொடுது, நான் மறுக்கலை. ஆனா அனுமதி வாங்கி எழுதலையே?"

"இருபத்தாறு வருஷமா யாரும் எதுவும் கேட்கலைங்க."

"அதான் இப்ப நாங்க வந்திருக்கோம்ல, கேட்கறதுக்கு! இந்த மக்களோட குரலை இதுவரைக்கும் எவனும் கேட்டதில்லை. நாங்க கேட்கிறோம். கேட்டு, திருத்தி, தேவையானதை எடுத்துக்கிட்டு, அவங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறோம்."

"எனக்கு எதுவும் வேண்டாங்க. ஒரு தரம் பார்த்துட்டுப் போயிடறேன்."

"பாருங்க! யார் வேண்டாம்னா? பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இருக்கணும். உங்க நல்லதுக்குத்தான்."

பாதுகாப்புப் பயிற்சி இரண்டு மணி நேரம். திரையில் ஒருவர் படி ஏறுவது எப்படி என்று காட்டினார். பிறகு இறங்குவது எப்படி என்று காட்டினார். கூரை தலையில் விழுந்தால் உடனே மேற்பார்வையாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றார். அவளுக்குக் கொடுத்த தலைக்கவசம் இரண்டு விரற்கடை பெரிது, கண்ணை மறைத்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன வேலைக்கும்மா?"

"வேலை இல்லைங்க. ஒரு சுவரைப் பார்க்கணும்."

"பார்க்கறதுக்குமா பயிற்சி?" அவர் விழித்துக்கொண்டார். "எனக்குத் தேய்க்கிற வேலை. தண்ணியைப் பீய்ச்சி அடிச்சு, பிரஷ் போடணும். கழுவத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு சினிமா? சரி விடுங்க, விசிறி ஓடுது, உட்கார்ந்துட்டுப் போவோம்."

முடிவில் அவருக்குச் சான்றிதழைக் கையோடு கொடுத்தார்கள். வேலை அவசரம். அவளுக்குப் பத்து வேலை நாள் கழித்துத் தபாலில் வரும் என்றார்கள். பார்ப்பதில் என்ன அவசரம்?

சான்றிதழ் ஒன்பதாவது நாளே வந்துவிட்டது. அவள் மெஷினில் பாதி தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். வேலி வாசலில் காட்டினாள். தலைக்கவசம் கொடுத்தார்கள். பார்சல் அறையின் கதவு அகலத் திறந்திருந்தது. கவுண்டர் இல்லை, தொலைபேசி இல்லை. சுவர் மட்டும் இருந்தது. வெள்ளை வெளேரென்று, புதுச் சுண்ணாம்பு வாசனையோடு.

அவள் தலைக்கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு நன்றாகப் பார்த்தாள்.

பின்னாலேயே ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தாள். "அம்மா! உங்களுக்குப் போன் பண்ணணும்னு நினைச்சிட்டே இருந்தேன். நல்ல செய்தி! நாற்பத்திரண்டு நினைவு வந்ததுல உங்களோடதுதான் தேர்வாகியிருக்கு. இந்தச் சுவர்லயே வைக்கப் போறோம்!"

"இதுல இருந்தது எங்கம்மா?"

"அதான் தளத்தைத் தயார் பண்ணிட்டோமே. பழசு இருந்தா புதுசு ஒட்டாதும்மா."

தையல்காரி கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். ஈரம் காயவில்லை. உள்ளங்கையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. ஒருங்கிணைப்பாளர் அவளைப் பார்த்தாள். முதல்முறையாக அந்தச் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாம்மா?" என்றாள். தையல்காரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இல்லம்மா. நீ போய் வேலையைப் பாரு," என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் பாதி தைத்ததை எடுத்துத் தைத்து முடித்தாள். ரவிக்கையின் இரண்டு கையும் இடம் மாறி வந்திருந்தன. பிரித்துத் தைத்தாள்.

திறப்பு விழாவுக்குச் சமூகத்துக்கு அழைப்பு வந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஐந்து நாற்காலி, முதுகில் "சமூகம்" என்று ஒட்டியிருந்தது. நாத்தனாருக்கு அன்றைக்குக் கால் வீக்கம், வரவில்லை. கார்டின் மகன் போனை எடுக்கவில்லை. தலைப்புச் செய்தி வந்தார். தன் பழைய கடை இருந்த இடத்தில் பத்திரிகை படிக்கும் கிழவர் ஒருவரின் வெண்கலச் சிலை நிற்பதைப் பார்த்தார். "உட்கார்ந்திருக்கான் பாரு, ராஜா மாதிரி. எனக்கு நிக்க இடமில்லைன்னாங்க," என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். ஐந்து நாற்காலியில் தையல்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

திரை விலகியது. சுவர் உயரத்துக்கு ஒரு எஃகுத் தொலைபேசி. அதன் ஒயர் கூரை வரை சுருண்டு போய்ப் பறவைகளாக மாறிப் பறந்தது. கீழே தகட்டில் வெட்டிய எழுத்துகள்: பிணைப்பு. தூய்மை. வெண்மை. நூலும் சோப்பும் பாலும் மூன்று கூட்டங்களில் விவாதிக்கப்பட்டு இப்படி ஆகியிருந்தன. ஊசிக்கு ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. பக்கத்தில் பளிங்குக் கல்: "பெயர் அறியப்படாத ஓர் ஊழியரின் அன்பால் ஊக்கம் பெற்றது." அதற்குக் கீழே சிவப்பில்: "இச்சுவரில் எழுதுவது தண்டனைக்குரியது."

"நண்பர்களே," என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "முன்னால் இந்தச் சுவரில் என்ன இருந்தது? வெறும் எழுத்து! யாரோ யாருக்கோ எழுதியது, நமக்கு ஒன்றும் புரியாதது. இன்றைக்கு இது எல்லாருடையதும். இது யாரைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் எங்கள் வெற்றி."

கைதட்டினார்கள். சமூகமும் தட்டியது. சும்மா இருந்தால் தனியாகத் தெரியும் என்று தட்டியது.

கூட்டம் கலைந்தபோது வாளியும் துணியுமாக ஒருவர் வந்து எஃகில் படிந்த கைரேகைகளைத் துடைக்க ஆரம்பித்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். "சினிமா பார்த்தோமே சேர்ந்து! சான்றிதழ் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. பார்க்கப் போனேன். வெள்ளை அடிச்சுட்டாங்க."

அவர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். "இந்தச் சுவரா? ஐயோ, இதை நான்தான்மா தேய்ச்சேன்."

அவள் அவர் பக்கத்தில் வந்தாள். பிறகு கேட்டாள். "அதுல இருந்ததை நீங்க படிச்சீங்களா?"

"படிக்காம எப்படித் தேய்க்கிறது? மூஞ்சிக்கு நேரே இருக்கு. ரெண்டு நாள் வேலை. நூல், நூல், நூல். நடுவுல சோப்பு. மறுபடியும் நூல். யாரோ தையல்காரியைக் கட்டிக்கிட்டு மாட்டிக்கிட்டான் போலன்னு சிரிச்சுட்டே தேய்ச்சேன். எல்லாத்துக்கும் குறுக்கே கோடு. ஒழுங்கான மனுஷன். சொன்னதையெல்லாம் வாங்கியிருக்கான்."

"எல்லாத்துக்குமா?"

அவர் யோசித்தார். "இல்லை. அடியில ஒண்ணே ஒண்ணு. அதுக்குக் கோடு இல்லை."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"ஞாபகம் இல்லையேம்மா. சின்ன வார்த்தை. கோடு இல்லைங்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு. அதைத் தேய்க்கக் கொஞ்சம் கை வரலை. அடடா, இன்னும் வாங்கலையே, வீட்டுல எதிர்பார்ப்பாங்களேன்னு தோணுச்சு. அப்புறம் மேஸ்திரி கத்தினார். தேய்ச்சுட்டேன்."

அவள் எஃகுத் தொலைபேசியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அதில் அவள் முகம் கோணலாகத் தெரிந்தது.

"எழுதியிருக்கார்," என்றாள்.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரர். எழுதிட்டேன்னார். நான்தான் நம்பலை."

அவர் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே நின்றார். "கையை வச்சுடாதீங்கம்மா, இப்பதான் துடைச்சேன்," என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில்.

அவள் நடைமேடை வழியாக வெளியே போனாள். எல்லாம் புதுசு. தரை புதுசு, விளக்குகள் புதுசு, கூரை புதுசு. மேம்பாலத்துப் படிக்கட்டுக்குக் கீழே மட்டும், மழை இல்லாத அந்த மாலையிலும், பழைய நாளைப்போலவே எங்கிருந்தோ ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்தாமல், அண்ணாந்து பார்க்காமல், எப்போதும்போல் ஒரு எட்டு இடது பக்கம் ஒதுங்கி நடந்தார்கள்.